ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள்

கேள்வி: வருகிற ஆவணியில் எனக்குக் கலியாணம். தாலிகட்டு கோணேசர் கோவிலில், மத்தியானச் சாப்பாடு உப்புவெளியில் ஒரு மண்டபத்தில். 350 பேர் வருவார்கள். வருபவர்களுக்கு ஞாபகமாய் ஏதாவது கொடுத்தனுப்ப 45,000 ரூபாதான் ஒதுக்க முடியும். கனடாவில் இருக்கும் அண்ணி கண்ணாடிப் போத்தல், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் படம், பெயர் அடித்த சொக்லேட் என்று நாள்தோறும் படம் அனுப்புகிறார். அம்மா ஒன்றும் வேண்டாம், சாப்பாட்டை வடிவாய்ப் போட்டால் போதும் என்கிறார். அப்பா நிலாவெளி உப்பளத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், கடன் என்ற சொல்லையே எடுக்க விடமாட்டார். கடற்கரையில் சிப்பி, சங்கு பொறுக்கி நானே ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன். மலிவாய் இருக்க வேண்டும், புதுமையாய் இருக்க வேண்டும், சனம் நொட்டை சொல்லவும் கூடாது. வழி சொல்லுங்கள் அக்கா.
நிலாவெளி வாசகி

பதில்: தங்கச்சி, அண்ணி அனுப்பிய படங்களைக் கொஞ்சம் ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்களைப் பயமுறுத்தியிருப்பது அந்தக் கணக்குத்தான். 45,000 ஐ 350 ஆல் பிரித்தால் ஆளுக்கு 128 ரூபா வரும். 128 ரூபாவுக்கு என்னதான் வாங்கலாம் என்று யோசித்து யோசித்துத்தான் கடற்கரையில் சிப்பி பொறுக்கும் அளவுக்கு வந்திருக்கிறீர்கள். ஆனால் ஆளுக்கு ஒன்று என்று யார் சொன்னது? அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் வருகிற வீட்டுக்கு ஐந்து காந்தப் படம் போனால் ஒன்று ஃபிரிட்ஜில் ஒட்டும், மற்ற நாலும் அலுமாரிக்கு மேலே போய்த் தூசி பிடிக்கும்.

எத்தனை கார்ட் அடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் 350 பேர் என்றால் பெரும்பாலும் 140 கார்ட்டுக்குள் அடங்கும், உங்களுடையதை எண்ணிப் பாருங்கள். 140 வீடு, அதற்கு மேல் 15. அந்தப் பதினைந்து யாருக்கு என்றால் ஐயருக்கு, மேளகாரருக்கு, சமையல் ஆட்களுக்கு, மண்டபம் கூட்டுகிற அம்மாவுக்கு, நடக்க ஏலாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெரியம்மாவுக்கு. இவர்களைக் கணக்கில் எடுக்காமல் கடைசி நேரத்தில் சங்கடப்பட்ட வீடுகள் கன இருக்கின்றன. ஆக 155. இப்போது பிரித்துப் பாருங்கள், வீட்டுக்கு 290 ரூபா. அதே காசுதான், ஆனால் 290 ரூபாவுடன் கடைக்குள் போகிறவளின் நடையே வேறு.

அடுத்தது பெட்டி. நான் இந்த ஊரில் மணவறைச் சோடினையும் கலியாண ஒழுங்கும் செய்யத் தொடங்கி 19 வருஷம். எல்லாவற்றிலும் அதிகமாய்க் காசு வீணாகிப் பார்த்தது பூவிலும் இல்லை, சாப்பாட்டிலும் இல்லை, பரிசுப் பெட்டியில்தான். ஒரு வீட்டில் ஒன்றுக்கு 220 ரூபா என்று வைத்துக்கொண்டு, மினுங்கல் மட்டைப்பெட்டி, அதற்கு ரிபன், ரிபனுக்கு மேல் முத்து, முத்துக்கு மேல் பெயர் அடித்த ஒட்டுத்தாள் என்று போய், கடைசியில் உள்ளே வைக்க 40 ரூபாதான் மிஞ்சியது. உள்ளே இரண்டு ரொபி. பெட்டியைத் திறந்த ஒரு சின்னப் பெடியன் ரொபியை வாயில் போட்டுவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான், இன்னும் ஏதாவது விழுமா என்று. மணமகளின் தாய் பக்கத்தில்தான் நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே கணக்குத்தான் சொல்வேன்: உறைக்கும் கட்டுக்கும் போகிற காசு மொத்தத்தில் நாலில் ஒன்றைத் தாண்டக் கூடாது. உறையே பிறகு பாவிக்கக் கூடிய பொருளாக இருந்தால், அதாவது துணிப்பையோ ஓலைப்பெட்டியோ என்றால், அது உறையில் சேராது, பொருளிலேயே சேரும்.

சரி, அண்ணியின் படங்களுக்கு வருகிறேன். பெயரும் திகதியும் அடித்த சாமான் உங்களுக்குத்தான் ஞாபகப் பொருள், வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஒரு இக்கட்டு. பாவிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வராது. படம் போட்டால் இன்னும் மோசம். இதிலேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பெட்டியில் பிள்ளையார் படம், கோணேசர் கோபுரப் படம் எதுவும் அடிக்க வேண்டாம். கலியாணக் கார்ட்டில் பிள்ளையார் இருப்பதால் அதை எறிய முடியாமல் சாமித்தட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை, உங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருக்குமே?

சொக்லேட் பற்றி ஒரு வார்த்தை. ஆவணியில், திருகோணமலையில், மத்தியானத்தில். நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதம் அது, மண்டபத்துக்குள் ஏசி இருந்தாலும் சாமான் இறங்குவது வெளியே வானிலிருந்து. சில வருஷங்களுக்கு முன் என் பொறுப்பிலேயே இது நடந்தது. வானுக்குள் அரை மணித்தியாலம் கிடந்த சொக்லேட், மேசைக்கு வரும்போது வெள்ளிக் கடதாசிக்குள் களியாய் இருந்தது. பட்டுச்சேலைகளில் பட்டது எத்தனை என்று நான் எண்ணவில்லை, எண்ணியவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

சிப்பிக்கு மட்டும் கண்டிப்பாய் வேண்டாம் என்கிறேன். நிலாவெளிக்காரிக்குத் தெரியாததில்லை, முன்னால் தெரிகிற புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவானது, அதற்குள்ளிருந்து ஒரு முருகைக்கல் துண்டைக்கூட எடுத்து வருவது சட்டப்படி குற்றம். நீங்கள் கரையில் ஒதுங்கியதைத்தான் பொறுக்குவீர்கள் என்று வையுங்கள், 155 வீட்டுக்குக் கொடுக்கும்போது எது எங்கே எடுத்தது என்று யாருக்கு விளங்கப்படுத்துவீர்கள்? வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் விமான நிலையத்தில் சூட்கேசைத் திறந்து பதில் சொல்ல நேரலாம். அதோடு, சரியாய்க் கழுவிக் காயவைக்காத சிப்பி மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கும், கலியாண ஞாபகம் அந்த மணத்தோடு வர வேண்டுமா?

இனி என்ன கொடுக்கலாம் என்பதற்கு வருவோம். எங்கள் ஆட்களுக்கு இது புதுப் பழக்கமே இல்லை. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு, போகும்போது வெற்றிலை பாக்கு, கையில் ஒரு பலகாரச் சரை, இதைத்தானே அம்மம்மா காலத்திலும் கொடுத்தார்கள். அதற்கு இப்போது ரிட்டர்ன் கிஃப்ட் என்று பெயர் வைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டோம். வெற்றிலைக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கலியாணத்துக்குத் தமிழர் மட்டுமா வருகிறார்கள், கிண்ணியாவிலிருந்து அப்பாவின் முஸ்லிம் கூட்டாளி வருவார், உங்கள் அலுவலகத்துச் சிங்கள அக்காவும் வருவார். திருநீறு கொடுத்தால் இரண்டு பேருக்கும் பயனில்லை, பிராந்தி விட்ட ரிச் கேக் கொடுத்தால் கிண்ணியாக்காரர் தொடமாட்டார், முட்டை போட்டது என்று எங்கள் சைவக்காரரிலும் பாதிப்பேர் தொடமாட்டார்கள். வெற்றிலையை மூன்று பேரும் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஆவணி வெயிலில் வெற்றிலை வாடும், ஈரத்துணியில் சுற்றி வாழையிலைக்குள் வைத்துக் கடைசி நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும், அதற்கென்று ஒருவர் நிற்க வேண்டும். ஆள் இருந்தால் செய்யுங்கள்.

பனையோலைப் பெட்டி என்றால் எனக்குத் தனிப் பிரியம், மறைக்கவில்லை. மூன்று அங்குலச் சதுரத்தில் மூடியோடு ஒரு சின்னப் பெட்டி, அல்லது பனங்கட்டி விற்கிற மாதிரி ஒரு குட்டான், உள்ளே கொஞ்சம் பனங்கற்கண்டு. அதைவிட வடிவு எனக்குத் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை, பின்னத் தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டு வருகின்றன. என்னுடைய அனுபவத்தில் பழகிய கை ஒன்று, வீட்டு வேலைகளுக்கு நடுவே, ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு சின்னப் பெட்டி பின்னும். அப்படியென்றால் 155 க்கு ஒருவருக்கு அரை மாதம், மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கிழமை. அதற்காகக் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடிப்போய்க் கேட்காதீர்கள். ஓலை வெட்டிக் காயவைத்து வார்ந்தெடுக்க நாள் வேண்டும். பின்னுகிறவர் வீட்டிலும் செத்தவீடு, காய்ச்சல், திருவிழா எல்லாம் வரும். இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லி, பாதிக் காசை முன்பணமாய்க் கொடுத்துவிடுங்கள். விலை பேசும்போது பேரம் பேசிக் கழுத்தை நெரிக்காதீர்கள், மண்டபக்காரனிடம் பேசாத பேரத்தை அந்தப் பெண்களிடம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஓலையிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இது நான் பட்டுத் தெரிந்தது. ஒரு கலியாணத்துக்குக் கத்தரிப்பூ நிறச் சாயம் தோய்த்த ஓலைப்பெட்டிகள் எடுத்தோம், அவ்வளவு வடிவு. வாசல் மேசையில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அடுக்கினேன். வருகிற ஒவ்வொருவர் மேலும் பிள்ளைகள் பன்னீர் தெளிக்கத் தெளிக்க, அரைவாசிப் பெட்டிகளில் அது பட்டு, சாயம் கசியத் தொடங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாய்ப் பந்திக்குக் காத்திருந்தார், எழும்பும்போது பட்டுவேட்டியில் கையளவு கத்தரிப்பூ. அன்றிலிருந்து சாயமே வேண்டாம் என்று முடிவெடுத்தேன், ஓலையின் நிறமே போதும். ஆசைப்பட்டால் மூடியில் மட்டும் ஒரு நிற ஓலை ஓடட்டும், ஒன்றை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மரக்கன்று கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், இப்போது அது நல்ல பெயர் வாங்குகிற யோசனை. தை மாதக் கலியாணம் என்றால் நானும் சரி என்பேன், ஈரம் இருக்கும். ஆவணியில் கொடுத்த கன்று ஐப்பசி மழை வரும்வரை தாக்குப்பிடிக்க யாராவது இரண்டு நேரம் தண்ணீர் விட வேண்டும், விடமாட்டார்கள், காய்ந்த கன்று முற்றத்தில் நின்று உங்கள் பெயரைச் சொல்லும். கன்றுக்குப் பதிலாய் விதை கொடுக்கலாம். முருங்கை, பாகல், கீரை விதைகளைச் சின்னக் கடதாசிச் சரையில் சுற்றி, 'மழை தொடங்க நடுங்கள்' என்று எழுதினால் போதும், செலவும் மிகக் குறைவு. ஆனால் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் திரும்பிப் போகிறவர்களுக்கு விதை கொடுக்க வேண்டாம், அங்கே விதைக்குக் கட்டுப்பாடுகள் கடுமை.

இவ்வளவும் பொதுவாய்ச் சொன்னது. இனி உங்களுக்கென்று ஒன்று.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்கள், அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர் என்று. அதைக் கடன் எடுக்க விடமாட்டார் என்பதற்குக் காரணமாய் எழுதினீர்கள். நான் அதை வாசித்ததும் பேனையை எடுத்துவிட்டேன். உங்கள் பரிசு அங்கேதான் இருக்கிறது. உப்பு கொடுங்கள்.

சிரிக்காதீர்கள். புதுவீடு குடிபோகும்போது முதலில் உள்ளே போகிற சாமான்களில் உப்பும் மஞ்சளும் உண்டு. கலியாணம் என்பதும் இன்னொரு குடிபோதல்தானே. 2020 இல் மஞ்சளுக்கு அலைந்து, 2025 இல் உப்புப் பக்கெற் தேடிக் கடை கடையாய் ஏறி இறங்கிய சனம் நாங்கள், உப்பை அற்பம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அதோடு உப்பு விளைகிற காலமும் இந்தக் கச்சான் காலம்தான், உங்கள் கலியாணம் நடக்கிற மாதத்தில் அப்பா எத்தனை வருஷம் பாத்தியில் நின்று வாரியிருப்பார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். கனடா அண்ணி அனுப்பிய படங்களில் எந்தக் கலியாண வீட்டிலும் இது இருந்திருக்காது.

ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். உதிரி உப்பை வாங்கித் துணிப்பையில் கட்டாதீர்கள். கடற்காற்றில் உப்பு தண்ணீர் விடும், ஒரு மணித்தியாலத்தில் பை நனைந்து, மடியில் வைத்திருக்கிறவரின் சேலையில் வெள்ளையாய்ப் பூக்கும். மண்முட்டி வடிவாய் இருக்குமே என்று தோன்றும், அதுவும் வேண்டாம், மண்ணுக்குள்ளால் உப்பு ஊறி வெளிப்பக்கம் படிந்துவிடும். ஓலைப்பெட்டியும் ஈரம் இழுக்கும். கடையில் விற்கிற 400 கிராம் உப்புப் பக்கெற்றை அப்படியே, உடைக்காமல், ஒரு சின்னத் துணிப்பைக்குள் வையுங்கள். இலங்கையில் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்க்க வேண்டும் என்று 1995 இலிருந்து சட்டம், ஆகவே அயடின் சேர்த்தது என்று அச்சடித்த பக்கெற்றாய்ப் பாருங்கள். அப்பாவின் பழைய கூட்டாளிகள் மூலம் நிலாவெளியில் விளைந்து, அப்படி முறையாய்ப் பொதி செய்ததே கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும். கிடைக்காவிட்டால் கடை உப்பே போதும், அப்போது 'நிலாவெளி உப்பு' என்று மட்டும் எழுத வேண்டாம், வருகிறவர்களில் பாதிப்பேர் நிலாவெளிக்காரர், கண்டுபிடித்துவிடுவார்கள். 155 பக்கெற் என்றால் 62 கிலோ, ஒரு ஓட்டோவிலேயே அடங்கிவிடும்.

பக்கெற்றுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துண்டு. மேலே, சரையில் சுற்றி மூன்று பயற்றம் உருண்டை. தாலிக்குப் பொன்னுருக்கும் நாளை ஒட்டி எப்படியும் பலகாரச் சூடு வைப்பீர்கள்தானே, அந்த அடுப்பிலேயே இதையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மூன்று என்றால் 465 உருண்டை, ஒன்று 25 கிராம் என்று பிடித்தால் ஏறக்குறைய 12 கிலோ. நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும், பாகு கைசுட இருக்கும்போதே பிடிக்க வேண்டும், ஆறினால் உதிரும், இதை நான் சொல்ல வேண்டுமா, அம்மாவுக்குத் தெரியும். தேங்காய்ப்பூ மட்டும் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் நாலு நாளில் சிக்குவாடை வந்துவிடும், இல்லாமல் செய்தால் ஒரு கிழமைக்குத் தாராளமாய் இருக்கும். எள்ளுருண்டை மலிவு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போங்கள், எள்ளு வேறு காரியத்துக்கு உரியது என்று நினைக்கிற பெரியவர்கள் சபையில் இருப்பார்கள். மூன்றை நாலாக்க வேண்டாம், ஒற்றைப்படையில் இருக்கட்டும். அம்மாவின் பலகாரம், அப்பாவின் உப்பு, ஒன்றும் வேண்டாம் என்ற அம்மாவும் இதற்குச் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

துணிப்பைக்குக் கணக்குத் தருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 45 அங்குல அகலச் சீத்தைத்துணியோ காடாத்துணியோ எடுங்கள். ஒரு பைக்கு 7 அங்குலத்துக்கு 20 அங்குலத் துண்டு, அதை இரண்டாய் மடித்துப் பக்கங்களைத் தைத்து, வாயில் நூல் ஓட வழி விட்டால் 6 அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கிடைக்கும், பக்கெற் வடிவாய் இருக்கும். துணியின் அகலத்தில் இரண்டு துண்டு வரும். ஆக 155 பைக்கு 14 மீற்றர், வெட்டுப் பிழை வந்தாலும் என்று 15 மீற்றர் வாங்குங்கள். இழுகயிற்றுக்குச் சணல்நூல் 80 மீற்றர். கட்டுத்துணியாய் எடுத்தால் மீற்றருக்கு விலை குறையும், பிரதான வீதியில் இரண்டு மூன்று கடை ஏறிக் கேளுங்கள், முதல் கடையிலேயே வெட்டச் சொல்லிவிடாதீர்கள். துணி, தையல் கூலி இரண்டும் சேர்ந்து 22,000 ஐத் தாண்டுகிறது என்றால் துணிப்பையை விட்டுவிட்டு மண்ணிறக் கடதாசிப் பைக்குப் போங்கள், மானம் ஒன்றும் போகாது. பொலித்தீன் பை மட்டும் வேண்டாம். தாலிகட்டு கோணேசர் கோவிலில் என்கிறீர்கள், கோவில் இருக்கிற கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன, கையில் இருந்து விழுகிற பையை அவை தின்னும், நானே வாயிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறேன்.

பையில் ஒரு சின்ன அட்டை தொங்கட்டும். அண்ணி உடனே 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று அடிக்கச் சொல்வார், எனக்கு இப்போதே கேட்கிறது. அடிக்காதீர்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள், மறந்துவிடாதீர்கள் என்று நாங்களே சொல்லிக்காட்டுவது மாதிரி ஆகிவிடும். 'அப்பா உப்பு விளைவித்தவர், அம்மா உருண்டை பிடித்தவர்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே உங்கள் இருவர் பெயர் சின்ன எழுத்தில். அச்சகத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை, A4 மட்டையில் 16 அட்டை வரும்படி போட்டோகொப்பிக் கடையில் எடுத்து வெட்டினால் பத்து மட்டையோடு அலுவல் முடிந்தது.

இனி மாமிமார். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று ஒரு மாமி கட்டாயம் சொல்வார், மாப்பிள்ளை வீட்டு மாமியாய் இருந்தால் இன்னும் சத்தமாய்ச் சொல்வார். வாதாடப் போகாதீர்கள், அவர் சொல்வதும் எங்கள் வழக்கம்தான். கையில் கொடுக்காமல் மேசையில் அடுக்கி வையுங்கள், வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும், சண்டைக்கு வழியே இல்லை. விளக்கு வைத்த பிறகு உப்பு வெளியே போகக் கூடாது என்பார்கள், உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு, அதுவும் பிரச்சினை இல்லை. எதற்கும் அட்டை அடிக்க முன் அம்மா மூலம் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொல் கேட்டுவிடுங்கள், கேட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷத்திலேயே பாதிப்பேர் சரி என்பார்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் உப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கால் கிலோ பச்சைப்பெருமாள் அரிசி வையுங்கள், தம்பலகாமம் பக்கம் விதைத்தவர் யாராவது தெரிந்தால் நேரே எடுக்கலாம். ஆனால் விலை கூடும், துணிப்பையை விட்டுக் கடதாசிப் பையோடு நிறுத்த வேண்டி வரும்.

மேசையை வாசலில் போடாதீர்கள், வரும்போதே கொடுத்தால் சாப்பிடும்வரை 400 கிராமைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும், பாதி கதிரைக்குக் கீழே கிடக்கும். கைகழுவுகிற இடத்துக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் போடுங்கள். மேசைக்கு இரண்டு பேர், நல்லாய்ச் சிரிக்கத் தெரிந்த ஒரு தங்கச்சியும், ஊராரை முகம் பார்த்து எந்த வீட்டுக்காரர் என்று சொல்லத் தெரிந்த ஒரு பெரியம்மாவும். பெரியம்மா இல்லாமல் சின்னப் பிள்ளைகளை மட்டும் விட்டால் ஒரு வீட்டுக்கு ஐந்து போகும், கடைசிப் பந்திக்காரருக்கு ஒன்றும் இருக்காது. மேசைக்கு மேல் 40 மட்டும் வையுங்கள், மற்றதெல்லாம் கீழே பெட்டியில், குறையக் குறைய எடுத்து வைக்கலாம். அந்த மேலதிகப் பதினைந்தை மண்டபத்துக்கே கொண்டுபோகாமல் வீட்டில் வைத்துவிட்டு, மேளகாரருக்கும் சமையல் ஆட்களுக்கும் உரியதை மட்டும் அப்பாவின் கையில் கொடுத்துவிடுங்கள், அவர் மேசையில் வைத்து எடுக்கச் சொல்லட்டும்.

அண்ணிக்கு மனம் கோணாமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மட்டும், உப்புக்குப் பதிலாய், சாயம் போடாத ஓலைப்பெட்டியில் பனங்கற்கண்டு. நாற்பது கிலோ சூட்கேஸ் நிறுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு உப்புப் பக்கெற் பாரம்தான். அந்தச் செலவை அண்ணியே ஏற்கட்டும், பெட்டி பின்னுகிறவரைத் தேடுகிற பொறுப்பையும் அவரிடமே ஃபோனில் கொடுத்துவிடுங்கள், படம் அனுப்ப நேரம் இருக்காது.

துணியை ஆடி பிறக்க முன்னமே தையல்காரியிடம் கொடுத்துவிடுங்கள். ஆடி முடிய வருகிற முகூர்த்தங்களுக்கு ஊரெல்லாம் சேலைச்சட்டை தைக்கக் கொண்டுவந்து குவிக்கும், அதற்குப் பிறகு 155 பையோடு போனால் அவர் உங்களை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.